பழுதும் பரிகாரமும்

பழுது தோன்றுமிடமும் பழுது பிறக்குமிடமும் ஒன்றே என எண்ணுதல் மனித இயல்பாகும். அவ்வாறே, பழுதுற்ற பொருளுக்குப் பரிகாரம் புதிய பொருளே என எண்ணுதலும் இயல்பாகிவிட்டது. இவ்விரு எண்ணங்களையும் ஒருங்கே சோதித்துப் பார்க்கும் நிலைக்கு ஆளானவர் யாழ்ப்பாணத்து அச்சுக்கோப்பாளர் ஒருவர்.

அவர் அறுபதைக் கடந்தவர். இளமையில் ஈய எழுத்துக்களைக் கோத்தவர். பின்னர் கணினியிற் பக்கம் அமைக்கக் கற்றவர். 2022 யூன் மாதத்தில் நினைவு மலரொன்றை அவர் அமைத்துக்கொண்டிருந்தார். 31ஆம் நாள் கிரியைக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன. நினைவு மலர் நாள் தவறி வருமாயின் அதனாற் பயனில்லை. அந்நிலையில் திரையெங்கும் நிறச் சதுரங்கள் தோன்றி எழுத்துக்களை மறைத்தன.

கணினிக் கடைக்காரர், "கிராபிக்ஸ் காட் பழுதாப் போச்சுது ஐயா, புதுசுதான் போடவேணும்" என்றார். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியிருந்தது. இறக்குமதிப் பொருளின் விலை அவர் கைக்கு எட்டுவதாயில்லை. காப்பொன்றை அடகு வைக்கலாம் என்றார் மனைவி. ஒருநாள் பொறுக்குமாறு அவர் கூறினார்.

பழைய அச்சகத்தில் அவர் பயின்ற பாடமொன்று உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரே இடத்தில் எழுத்துச் சிதைந்திருப்பின் குற்றம் எழுத்தினுடையது. இடம் மாறி மாறிச் சிதையின் மையையோ தாளையோ ஐயுறல் வேண்டும். அம்முறையையே அவர் கணினிக்கும் கைக்கொண்டார்.

முதலில், திரையிலுள்ள காட்சியைக் கணினியைக் கொண்டே படமாகச் சேமித்து, அப்படத்தை மகளின் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தார். அங்கும் அதே சதுரங்கள். பிழை திரையை வந்தடையுமுன்பே பிறந்துவிட்டது என்பது தெளிவாயிற்று. திரையும் அதன் வடமும் ஐயத்தினின்று நீங்கின. அடுத்து, இரவு முழுவதும் குளிரவிட்ட கணினியைக் காலையில் இயக்கினார். வின்டோஸ் தொடங்குமுன் தோன்றும் முதற்காட்சியிலேயே புள்ளிகள் சிதறிக் கிடந்தன. எனவே காரணம் மென்பொருளுமன்று, நெடுநேர உழைப்பால் எழும் வெப்பமுமன்று.

பின்னர் மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கைகளிலுள்ள நிலைமின்னை நீக்கி, அட்டையை வெளியே எடுத்தார். தூசி தட்டி, பொன்முலாமிட்ட தொடுமுனைகளை அழிறப்பரால் துடைத்து மீளப் பொருத்தினார். மாற்றமில்லை. இறுதியாக, அயல்வீட்டு இளைஞனின் கணினியில் அவ்வட்டையைப் பொருத்தியபோது பழுதும் உடன் சென்றது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் இவ்வாறு குற்றத்தினின்று விடுபட்டன. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றினமையால் ஒவ்வொரு விடையும் ஐயமற்றதாயிருந்தது.

அட்டையைப் போறணையிற் சுட்டெடுத்தால் உயிர்பெறும் என்றான் இளைஞன். அவ்வாறு சிலகாலம் இயங்குவதுண்டு. ஆயின் அது நிலையான திருத்தமன்று. நச்சுப்புகையும் எழக்கூடுமாதலின் உணவு சமைக்கும் அடுப்புக்கு அது ஏற்றதுமன்று. சில்லுக்கும் பலகைக்கும் இடைப்பட்ட நுண்ணிய இணைப்புக்கள் வெப்பத்தால் விரிந்தும் சுருங்கியும் நலிவுறுதல் இத்தகைய பழுதுகளுக்குரிய காரணங்களுள் ஒன்று. 2008 யூலையில் என்விடியா நிறுவனம், மடிகணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியமைப்பில் ஏற்பட்ட குறைபாட்டின் பொருட்டு 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தமை ஈண்டு நினைத்தற்குரியது. உற்பத்தி செய்தோரையே இடர்ப்படுத்திய குறையை வீட்டு அடுப்பு தீர்த்துவிடாது.

ஆகவே கடைக்காரர் கூறியது உண்மையே, பழுதுற்றது அட்டைதான். ஆயினும் அவ்வுண்மையிலிருந்து, புதிய அட்டை வேண்டும் என்னும் முடிபு தானே பெறப்படுமா? இக்கேள்வியை அவர் இறுதியிலேனும் எழுப்பினார். அக்கணினி விளையாட்டு நிலையமொன்றிலிருந்து பழையதாக வாங்கப்பட்டது. விரைந்தோடும் விளையாட்டுக் காட்சிகளுக்காகவே அவ்வட்டை அதிற் பொருத்தப்பட்டிருந்தது. எழுத்துக் கோப்பதற்கு, செயலியினுள்ளேயே அமைந்த வரைகலைப் பகுதி போதுமானது. பெட்டியின் பின்புறத்தில், தாய்ப்பலகைக்குரிய காட்சித்துளை எவராலும் பயன்படுத்தப்படாது தூசி படிந்திருந்தது. அட்டையை அகற்றிவிட்டு வடத்தை அத்துளையிற் செருகினார். திரை தெளிந்தது. மலர் உரிய நாளுக்கு முந்திய மாலையிற் கட்டி முடிக்கப்பட்டது. காப்பு அடகுக்கடைக்குச் செல்லவில்லை.

எது பழுது என்பது ஒரு வினா. எது தேவை என்பது பிறிதொரு வினா. முன்னதற்குச் சோதனை விடை தருகின்றது. பின்னதற்கோ, தான் செய்யும் தொழில் யாது என்பதை ஒருவன் அறிந்திருத்தல் வேண்டும். கடைக்காரருக்குக் கணினி தெரியும். அச்சுக்கோப்பாளருக்குத் தம் தொழில் தெரியும். முதல் வினாவுக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளும் வழக்கம் கணினிக் கடைகளில் மட்டுமா நிலவுகின்றது என்பது கற்றோர் சிந்தனைக்குரியது.