பட்டியலில் இல்லாத டாக்டர்

2021 நவம்பர் 26, வெள்ளி

ஒரே நாளில் இரண்டு செய்தி. டிசம்பர் 15 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் ஓடும் என்று டெல்லி அறிவித்திருக்கிறது. 2020 மார்ச்சில் நின்றவை. இத்தனை நாளும் ‘ஏர் பபிள்’ ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்கு மட்டும்தான் போக்குவரத்து. சுற்றுலா விசாவும் இந்த மாதம் 15ஆம் தேதிதான் முழுசாகத் திறந்தது. இரண்டாவது செய்தி, தென்னாப்பிரிக்காவில் கண்டறிந்த புது உருமாறிய வைரஸுக்கு உலக சுகாதார நிறுவனம் ‘ஒமைக்ரான்’ என்று பெயர் வைத்துவிட்டது.

அக்கா மகள் லண்டனிலிருந்து புருஷனோடு வருகிறாள். அவள் கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை, அவர் கையில் புதுசாக வாங்கிய சுற்றுலா விசா. டிசம்பர் 5க்கு டிக்கெட். இரண்டு செய்தியையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அதெல்லாம் எனக்கெதுக்கு? பேத்தி வர்றாளா இல்லையா, அத மட்டும் சொல்லு” என்றாள்.

டிசம்பர் 1, புதன்

புது விதிகள் இன்று முதல் அமல். கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்று, கடந்த 14 நாட்களில் போய்வந்த ஊர்களின் விவரம் இரண்டையும் ‘ஏர் சுவிதா’ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ‘அபாய நாடு’ பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வந்தால் இங்கே இறங்கியதும் இன்னொரு பரிசோதனை, ரிசல்ட் வரும்வரை விமான நிலையத்திலேயே காத்திருப்பு, பிறகு ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபடி பரிசோதனை. பிரிட்டன் உட்பட ஐரோப்பா மொத்தமும் பட்டியலில் இருக்கிறது. மற்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரைப் பிடித்துச் சோதிப்பார்கள். டிசம்பர் 15 அறிவிப்பையும் இன்றே கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் நடந்த கூத்து ஞாபகம் வருகிறது. இங்கே கோவிஷீல்டு போட்டவர்களின் சான்றிதழை பிரிட்டன் ஏற்க மறுத்தது. புனேயில் தயாரானாலும் அது அவர்களுடைய ஆக்ஸ்ஃபோர்டு–அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியேதான். பதிலுக்கு நாமும் அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பத்து நாள் தனிமை என்றோம். அவர்கள் இறங்கி வந்ததும் நாமும் விதியை விலக்கிக்கொண்டோம். அந்த விதியில் மருத்துவத்தைவிட ரோஷம்தான் அதிகம்.

டிசம்பர் 2, வியாழன்

நாட்டின் முதல் இரண்டு ஒமைக்ரான் தொற்றுகளும் கர்நாடகத்தில். மத்திய சுகாதார அமைச்சகத்தின் லவ் அகர்வால் டெல்லியில் சொல்லி முடிப்பதற்குள் ஊருக்குள் போன் மேல் போன். இரண்டும் எங்கள் பெங்களூரிலேயே.

ஒருவர் 66 வயது தென்னாப்பிரிக்கர். நவம்பர் 20 அன்று இங்கே இறங்கி, 27 அன்று துபாய்க்குப் போய்விட்டார். மரபணு ரிசல்ட் வந்தபோது ஆளே ஊரில் இல்லை. இன்னொருவர் 46 வயது டாக்டர், உள்ளூர்க்காரர். அண்மையில் வெளிநாட்டுப் பக்கம் தலைவைத்தே படுக்காதவர். அவருக்கு நவம்பர் 22 அன்றே தொற்று உறுதியாகியிருக்கிறது. தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்ததே 24ஆம் தேதிதான்.

ஆக, பெயர் வைப்பதற்கு முன்பே, புது விதி போடுவதற்கு முன்பே, வைரஸ் இந்த ஊரில் குடியேறிவிட்டது. டாக்டரிடம் அதைக் கண்டுபிடித்தது எந்த விமான நிலைய வாசலும் இல்லை. டாக்டரின் மாதிரியில் வைரஸ் அளவு அதிகமாக இருந்ததால் அதை மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அப்படித்தான் பிடிபட்டது. தென்னாப்பிரிக்காவிலும் ஆய்வகங்கள் விழிப்பாக இருந்ததால்தான் உலகத்துக்கே தெரிந்தது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பரிசு, நாடுகள் வரிசையாகக் கதவைச் சாத்தியது. இதைப் பார்த்த பிறகு அடுத்த முறை எந்த நாடு முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லும்?

டிசம்பர் 5, ஞாயிறு

விடியற்காலை தேவனஹள்ளி விமான நிலையம். விமானம் இறங்கிவிட்டது, ஆள் வெளியே வரவில்லை. உள்ளே இடைவெளி விட்டு நாற்காலிகளில் உட்கார வைத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். விரைவுப் பரிசோதனை 3,000 ரூபாய், சாதாரணப் பரிசோதனை 500. இவர்கள் இருவரும் ஆறாயிரம் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒசூரிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். மகன் லண்டனில் படிக்கிறானாம், அதே விமானம். “ஐந்நூறுதான் கட்டினேன்பா, வெயிட் பண்ணுங்க” என்று பையன் சொல்லிவிட்டானாம். “ஆறு மணி நேரம் ஆகும்ங்கறாங்க சார். வாடகை வண்டிக்கு வெயிட்டிங் சார்ஜ் போட்டா ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தார். நாங்கள் கிளம்பும்போது மூன்றாவது காபி வாங்கிக்கொண்டிருந்தார். விதி எல்லோருக்கும் ஒன்று. அதற்குள் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் விலை வேறு.

டிசம்பர் 8, புதன்

இருவரும் மாடி அறையில். சாப்பாட்டை மேல்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அம்மா கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு அண்ணாந்து பேசுகிறாள். “ஏண்டி, லண்டன்ல சோறு போடமாட்டாங்களா, இப்படி இளைச்சிருக்க?” தெருவே கேட்கிறது. வார்டிலிருந்து தினமும் ஒரு பெண் போனில் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். கன்னடத்தில் ஆரம்பித்து, என் பதிலைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிடுகிறார். எங்கள் அல்சூரில் இது சகஜம்.

2020 மார்ச்சோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொகுசு. அப்போது துபாயிலிருந்து திரும்பிய எதிர்வீட்டுப் பையனின் புறங்கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். தனிமை முடியும் தேதி அதில் இருந்தது. எலுமிச்சை தேய்த்தும் போகாத மை. பால்காரர் அந்தப் படிக்கட்டையே மிதிக்கவில்லை. தேர்தல் மையை இதற்குப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையமே அந்த மாதம் அனுமதி கொடுத்தது. ஓட்டுப் போடும்போது இடைஞ்சல் வராதபடி உடம்பில் எங்கே வைப்பது என்பதை வரையறுக்கச் சொன்னது. போதாததற்குக் கர்நாடக அரசின் செயலியில் மணிக்கொரு செல்ஃபி. ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை மட்டும் விலக்கு.

சோதனையும் தனிமையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1898இல் பிளேக் ஹூப்ளியிலிருந்து ரயிலேறி இந்த ஊருக்கு வந்தது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள் என்று அம்மாவின் பாட்டி சொல்வாராம். பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. ரயிலில் வருகிறவர்களைச் சோதித்துப் பார்த்தும் அது ஊருக்குள் பரவத்தான் செய்தது.

டிசம்பர் 13, திங்கள்

எட்டாம் நாள் ரிசல்ட்: இருவருக்கும் நெகட்டிவ். மாப்பிள்ளைக்கு அம்மா வைத்த முதல் விருந்து பிரியாணி. அவர் காரத்தில் கண்கலங்கியதைப் பாசத்தில் கலங்கியதாக அம்மா எடுத்துக்கொண்டாள்.

2022 ஜனவரி 11, செவ்வாய்

அக்கா மகளும் மாப்பிள்ளையும் ஊர் திரும்பியாயிற்று. இன்றிலிருந்து எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமையாம். நாட்டில் ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தொற்று. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். இந்த நிலைமையில் வெளியூர்க்காரர்தான் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

வாசலில் கெடுபிடி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் அது சில நாட்களை வாங்கிக் கொடுக்கும். படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் சேர்க்க அந்த நாட்கள் பொன்னானவை. ஊருக்குள் பரவிய பிறகும் அதே விதியை இறுக்கினால், செய்கிறோம் என்று காட்டுவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

மார்ச் 27, ஞாயிறு

விமானங்கள் இன்று முதல் பழையபடி. ‘அபாய நாடு’ பட்டியல் பிப்ரவரி 14 அன்றே போய்விட்டது. 82 நாடுகளின் தடுப்பூசிச் சான்று இருந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். கூட வேண்டாம்.

பட்டியல்கள் போகட்டும். அந்த டாக்டரின் மாதிரியைச் சந்தேகப்பட்டு மேலே அனுப்பினார்களே, அந்தப் பழக்கம் போகக்கூடாது. இந்த ஊரில் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2020 கடைசியில் பிரிட்டன் வகை வைரஸ் நாட்டில் முதன்முதலாக உறுதியான ஆறு பேரில் மூன்று பேரின் மாதிரியைப் பகுத்துச் சொன்னது அதன் ஆய்வகம்தான். நகரத்துக் கழிவுநீரிலும் இப்போது வைரஸைத் தேடுகிறார்கள். சாக்கடை யாரிடமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. உள்ளூர், வெளியூர் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அடுத்த நோய் வரும்போது முதல் பணம் அங்கே போகட்டும். விமான நிலையத்தில் கூடுதலாக நாற்காலி போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.