எட்டு போல்ட்டில் ஒரு மலை வண்டி

தேர்தல் வந்தால் எங்க பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரம் கழுதை மேல ஏறிப் போகிற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. எந்திரம் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் மலை ஏறும். சாமையும் கொள்ளும் புளியும் வருஷா வருஷம் இறங்கணுமே!

என் மாமனாரின் மானாவாரிக் கொல்லையும் அப்படியொரு மேட்டில்தான் இருக்கு. தார் ரோட்டிலிருந்து மேலே மூணு கிலோமீட்டர் கல்லும் ஓடையும். மூட்டையைக் கீழே இறக்க 150 ரூபாய் கூலி. ஆள் கிடைப்பதும் குறைஞ்சுபோச்சு. “பேசாம கொல்லையை வித்துடலாம் மாப்ள”ன்னு மாமா சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

புது பிக்கப் பத்து லட்சத்தை ஒட்டி வருது. அதனால் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினோம். 2112 சிசி பீஜோ டீசல் எஞ்சின், நாலு சக்கர இழுவை. லோ கியர் போட்டால் வேகம் இரண்டரை மடங்கு குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். மலைக்கு வேண்டியது அதுதான்.

பின்பக்கத்தை வெட்டி லாரி மாதிரி ஆக்கிடலாம்னு ஊரில் எல்லாரும் யோசனை சொன்னாங்க. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதுக்கு இடம் கொடுக்காது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. பதினஞ்சு வருஷம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். அங்கே வண்டி ஆர்.சி. புக்கில் உள்ளபடி இருக்கணும்.

அதனால் சேஸியைத் தொடவே இல்லை. பின் சீட்டைக் கழற்றிட்டு அந்த இடத்தில் உட்காரும்படி, நாலடிக்கு மூணடியில் ஒரு தொட்டி. 40 எம்.எம். ஆங்கிளில் சட்டம், மேலே 3 எம்.எம். செக்கர் ஷீட். வீட்டு வாசலிலேயே சின்ன வெல்டிங் மெஷின் வெச்சு நானும் மச்சானும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிச்சோம். ராடு, போல்ட்டு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். தொட்டி மட்டும் 60 கிலோவைத் தாண்டிடுச்சு. அதனால் ஆறு மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏற்றும் பாரமும் பின் அச்சுக்கு முன்னாடி தள்ளி இருக்கணும். இல்லாட்டி மேட்டில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது.

வெல்டிங் செய்ய நினைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். வண்டியில் வைத்துப் பற்ற வைப்பதானால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்க, ஆல்டர்னேட்டர் போயிடும். ஸ்பிரிங் பட்டையில் ராடை வைக்கவே வைக்காதீங்க. சூடு பட்ட இடத்தில் பதம் போய், பாரம் ஏறினதும் முறியும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் லோ கியரில் எஞ்சின் பிடியிலேயே இறங்கணும்.

தொட்டியைப் பிடித்திருப்பது எட்டு போல்ட்டுதான். பதினைந்து நிமிஷத்தில் கழற்றிட்டு சீட்டை மாட்டிடலாம். போன ஆவணியில், நடுராத்திரி மேல்வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்துச்சு. முன்னெல்லாம் தூளி கட்டித்தான் இறக்குவாங்க. அன்னைக்கு மச்சான் டார்ச் பிடிக்க, நான் ஸ்பேனர் போட்டேன். ரோட்டோரம் நின்ன 108 வரைக்கும் அந்தப் பெண் சீட்டில் உட்கார்ந்தே வந்தா. தாயும் பிள்ளையும் சுகம்.

இந்த வருஷச் சாமை முழுசும் ஜீப்பில்தான் இறங்கிச்சு. மாமா இப்போ கொல்லையை விற்கிற பேச்சை எடுப்பதில்லை. மேட்டில் இன்னும் நாலு புளியங்கன்று வைக்கக் குழி எடுத்துட்டிருக்கார்.