வாப்பிச்சி மரைக்கார் கேட்ட கூலி

 

போன தவணை நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். கொஸ்லந்தை இறங்கி, பெரகலை வழியாக இரவோடு இரவாகப் பயணம். நூதனசாலையின் வெள்ளைக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்த ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இத வெள்ளக்காரனா கட்டினான்?"

கட்டச் சொன்னவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் சிமிதர். ஆனால் ஒப்பந்தம் எடுத்து, ஆள் வைத்து, கட்டி முடித்தவர் கொழும்புச் சோனகரான வாப்பிச்சி மரைக்கார். 1877 ஜனவரி 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது.

திறப்பு விழாவைப் பற்றி நம் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். "என்ன கௌரவம் வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டாராம். மரவேலை செய்த பெரேரா என்ற தச்சர் ஒரு பட்டம் கேட்டு வாங்கிக்கொண்டார். உழைத்தவர் கேட்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரைக்கார் கேட்டது வேறு: "வெள்ளிக்கிழமைகளில் இந்த இடம் மூடியிருக்க வேண்டும்." ஜும்ஆ நாள் அல்லவா! அப்படியே நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடிக் கிடந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒராபி பாஷாவின் ஆதரவோடு, சித்திலெப்பை போன்றவர்களுடன் சேர்ந்து, 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவாகக் கைகொடுத்தார். நம் பிள்ளைகள் அன்று ஆங்கிலப் படிப்பில் பின்தங்கிக் கிடந்த காலம். கட்டிடத்தில் சம்பாதித்தவர் பள்ளிக்கூடத்தில் போட்டார்.

இதையெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னோம். அதே மாணவன் மறுபடியும் கேட்டான்: "சேர், அதுக்குக் கல்லு தூக்குனவங்க பேரு என்ன?"

எங்களிடம் பதில் இல்லை.

அவன் ஏன் கேட்டான் என்று நமக்குத் தெரியும். கொழும்பில் இன்று எழும்பும் மாடிகளுக்குக் கல் தூக்குகிறவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மரக்காலையில் பலகை அடுக்குகிறார்கள், ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை சுமக்கிறார்கள். ஊருக்கு வீடு கட்டிக் கொடுக்கிறவனுக்குச் சொந்தமாக ஏழு பேர்ச் காணி இல்லை. 2014இல் மீரியபெத்தையைப் பார்த்தோம். 2023 மார்ச்சில் நம் கபரகலையிலேயே மலை சரிந்து லயங்களை மூடியது. வீடு போனால் அடுத்ததாக நிற்பது படிப்புத்தான்.

அந்த மாணவன் இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு மரக்காலையில் சேர்த்துவிட்டதாகக் கேள்வி. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. பரீட்சை முடியும்வரை மட்டும் பொறுங்கள். வேலை எங்கும் ஓடிப்போகாது. மரத்திலும் காணியிலும் வியாபாரம் செய்து அல்லாஹ் பரக்கத் செய்த நம் ஊர்ச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆளுக்கு ஒரு பிள்ளையின் கொப்பி, பஸ் செலவைப் பொறுப்பெடுங்கள். எந்த மதத்துப் பிள்ளையென்று பார்க்க வேண்டாம்.

வகுப்பு இடாப்பில் அவன் பெயரை நாங்கள் இன்னும் வெட்டவில்லை. அவன் உங்கள் கடையிலே நின்றால், திங்கட்கிழமை அனுப்பி வையுங்கள்.

வஸ்ஸலாம்.