பரிந்துரைக்கத் தக்கவர் யார்?

கன்னடத்தில் ‘ஷிஃபாரஸு’ என்று வழங்குவதும் தமிழில் ‘சிபாரிசு’ என்று வழங்குவதும் ஒரே பாரசீகச் சொல்லின் கிளைகள். தமிழ்ப் பேச்சில் அச்சொல்லின்மீது செல்வாக்கின் வாடை ஏறிவிட்டது. ‘சிபாரிசில் வந்தவர்’ என்றால் தகுதியால் வந்தவர் அல்லர் என்றே பலரும் பொருள் கொள்வர். ‘பரிந்துரை’ என்ற சொல்லோ ஒருவர்பால் பரிவு கொண்டு அவர் பொருட்டு உரைப்பதைக் குறிக்கிறது. மைசூரு அக்ரஹாரத்திலிருந்து வணிக மேலாண்மைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞர் கடிதம் கேட்கத் தயங்கும்போது, இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் தயங்குகிறார். நிறுவனத்தின் துணைத்தலைவரை நாடுவதா, நாள்தோறும் தம் வேலையைத் திருத்திய மேலாளரை நாடுவதா?

பள்ளிகள் கேட்கும் வினாக்களிலேயே விடையின் பாதி இருக்கிறது. பல பள்ளிகள் ஏற்றுள்ள பொதுப் பரிந்துரைப் படிவம் இரண்டு செய்திகளை முதன்மையாகக் கேட்கிறது. ஒத்த பணியில் உள்ள பிறரோடு ஒப்பிட விண்ணப்பதாரர் எவ்வாறு செயல்படுகிறார்? அவரிடம் நீங்கள் சுட்டிக்காட்டிய முக்கியமான குறை எது, அதை அவர் எவ்வாறு ஏற்றார்? உடனிருந்து பார்க்காத எவராலும் இரண்டாம் வினாவுக்கு விடை எழுத இயலாது.

இராமானுஜனின் வாழ்க்கையில் கடிதங்கள் ஆற்றிய பணியை இவ்விடத்தில் நினைவுகூரலாம். எஃப்.ஏ. தேர்வில் தோற்ற அவரிடம் பட்டம் இல்லை. கையில் இருந்தவை குறிப்பேடுகள் மட்டுமே. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்த பின்னரே சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்தார். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதத்தை இராமானுஜன் இணைத்தார். அக்கடிதம் அவருடைய கணித ஆற்றலைச் சொன்னதோடு, எண்களைக் கணக்கிடுவதில் அவருக்கிருந்த விரைவையும் சொன்னது. கணக்கு அலுவலகத்துக்கு வேண்டியது அதுவே. மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அதே ஆண்டின் இறுதியில் சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், இலண்டனில் இருந்த தம் முன்னாள் ஆசிரியர் ஹில்லுக்கு இராமானுஜனின் கணக்குகளை அனுப்பினார். ஹில் பொறுப்போடு படித்தார். திறமையையும் கண்டார், பயிற்சிக் குறைகளையும் சுட்டினார். ஆனால் அவருக்குக் கிட்டியவை சில தாள்கள் மட்டுமே. அந்த மதிப்பீடு அறிவுரையோடு நின்றது.

1913 பிப்ரவரியில் சென்னை வந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். இராமானுஜன் உழைக்கும் பிரிவுகள் தமது சிறப்புத் துறை அல்ல என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் அறிந்தவற்றின் எல்லையைச் சொல்லி, அதற்குள் நின்று உறுதியாகப் பேசினார். அதன்பின் முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியதாக இருந்த ஆய்வு உதவித்தொகை, மாதம் 75 ரூபாயாக, பட்டமே இல்லாத அவருக்கு வழங்கப்பட்டது. பதவியின் உயரம் கடிதத்தைப் படிக்க வைத்திருக்கலாம். நம்ப வைத்தது அதன் நேர்மை.

ஆயினும் இக்கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. இராமானுஜன் வறியவர், ஆனால் இராமசாமி ஐயர், சேஷு ஐயர், இராமச்சந்திர ராவ் என்று நீண்ட அந்தச் சங்கிலி, ஆங்கிலம் கற்ற பிராமண அலுவலர்களின் வட்டத்துக்குள் நகர்ந்தது. அவர் அவ்வட்டத்தின் விளிம்பிலேனும் நின்றார். அதற்கு வெளியே பிறந்தவரின் குறிப்பேட்டை யார் புரட்டியிருப்பார்? பிராமணக் குடியிருப்பைக் குறிக்கும் அக்ரஹாரம் என்ற பெயரைத் தாங்கிய மைசூரிலும் இவ்வினா அன்றே எழுந்தது. அரசுப் பணிகளில் பிராமணரல்லாதார்க்கு உரிய இடம் கிடைக்க வழி காணும்படி, 1918இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திறமை இருந்தும் தமக்காகப் பேச ஆளில்லாதவர் எத்தனை பேர் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது.

அக்கவலை இன்னும் தீரவில்லை. உறவினர்களில் துணைத்தலைவர் ஒருவர் உள்ள மாணவருக்குத் தெரிவு செய்யும் சிக்கல் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவருக்கோ கேட்பதற்கே கூச்சம். அத்தகையோர் தயங்காமல் நாட வேண்டியவர், தம் உழைப்பை அருகிருந்து பார்த்தவரையே. செய்த வேலைகளின் குறிப்பையும், விண்ணப்பத்தின் நோக்கத்தையும், போதிய கால அவகாசத்தையும் அவருக்குத் தருவது மாணவரின் கடமை.

கடிதம் எழுதும் ஆசிரியர்க்கும் கடமை உண்டு. ‘நீங்களே எழுதிக் கொண்டு வாருங்கள், கையொப்பமிடுகிறேன்’ என்னும் வழக்கம், பார்த்ததைச் சொல்ல வேண்டிய சாட்சி தன் வாயைப் பிறருக்குக் கடன் கொடுப்பதாகும். நல்ல ஆங்கிலம் எழுதிப் பழகிய மாணவருக்கு அதனால் இழப்பில்லை. மற்றவருக்கு அது ஒரு கதவு மூடப்படுவது. வகுப்பின் கடைசி வரிசையில் கிடக்கும் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதிலிருந்தே பரிந்துரை தொடங்குகிறது.