கோதுமையோடு ஒத்துழையாமை

எங்கள் எட்டு வயதுப் பெண்ணுக்குச் சீலியாக் என்னும் குடல் வியாதி. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறிதளவு சென்றாலும் அவள் சிறுகுடல் புண்படும். ஆயுள் முழுவதும் அதை விலக்குவதே வைத்தியம். 1944-45இல் ஹாலந்து தேசத்துப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இவ்வியாதியுள்ள குழந்தைகள் தேறினார்களாம். டிக்கே என்ற டாக்டரின் சந்தேகம் உறுதிப்பட்டது.

டில்லியில் உபாத்தியாயராயிருந்த நான் சென்ற வருஷம் குடும்பத்துடன் திருக்காட்டுப்பள்ளிக்குக் குடிவந்தேன். "நெல் விளையும் பூமியில் என்ன கவலை?" என்றார்கள் சிநேகிதர்கள். அது பாதி உண்மை. இட்டிலி, இடியாப்பம், கொழுக்கட்டைக்குப் பயமில்லை. ஆனால் சத்துரு மாறுவேஷத்தில் வருகிறான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஆகவே ஹோட்டல் சாம்பார் ஆகாது. திருவையாற்று அசோகாவிலும் பயத்தம்பருப்புடன் கோதுமை மாவு உண்டு. கல்லணைக்குப் போனாலும் எங்களுடன் தூக்குச் சட்டியும் வரும்.

ஆடிப்பெருக்கன்று காவேரிக் கரைக்குப் புறப்பட்டோம். பக்கத்து வீட்டு மாமி, முதல் நாளே என் மனைவியிடம் விவரம் கேட்டுக்கொண்டு, எல்லோருக்குமான புளியோதரையையே பெருங்காயமின்றிக் கிளறியிருந்தார். "வாசனை குறைந்தால் குறையட்டும், குழந்தை தனியாக உட்காரக் கூடாது" என்றார். ஊரார் பிள்ளைகளின் பந்தியில், "இதை நான் சாப்பிடலாமா, அப்பா?" என்று கேளாமல் என் பெண் உண்டதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.