கால் நீளத்தில் தெரியும் நீர்மட்டம்

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் சாலையில் தெற்கே வந்து, துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலையில் திரும்பினால் சில நிமிடங்களில் தண்ணீர் விரிகிறது. அடுக்குமாடிகளுக்கும் பெருங்குடி குப்பைக் கிடங்குக்கும் நடுவே இன்னும் மூச்சுவிடும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இதுதான். தை மாத விடியலில் நீண்ட லென்ஸும் பைனாகுலருமாக வருபவர்கள் முதலில் தேடுவது பறவையை அல்ல, தண்ணீரின் ஆழத்தை.

எந்த ஆழத்தில் எந்தப் பறவை என்பது இங்கே ஏறக்குறைய எழுதி வைத்த கணக்கு. ஆழமான இடத்தில் நாமக்கோழி முக்குளிக்கிறது, கூழைக்கடா மிதக்கிறது. கொஞ்சம் மேடேறினால் ஊசிவால் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கி நிற்கின்றன. கழுத்து எட்டும் ஆழம் வரைதான் அவற்றுக்கு இரை. முழங்கால் நீரில் பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டி, நுண்ணுயிர்களை உண்கின்றன. கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடுகின்றன.

மிதக்கும் இலைகளின் மேல் நடப்பது நீளவால் இலைக்கோழி. விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் எடை பரவி, இலை அமிழ்வதில்லை. இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்தான். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இனப்பெருக்கக் காலத்தில் வளரும் அந்த நீண்ட வாலைப் படம்பிடிக்கக் காத்திருப்பவர்கள் கூட்டுக்கு அருகே போகக் கூடாது. தந்தை மிரண்டு எழுந்தால் முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

வெள்ளைப் பறவைகள் கேமராவுக்குச் சோதனை. காலை வெயில் ஏறிய பிறகு கொக்கின் இறகு வெளுத்து, நுணுக்கமெல்லாம் அழிந்துவிடும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்தால் இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். பறக்கும் ஆலாவை உறையவைக்க நொடியில் 2,000-ல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். கல்லெறிந்து பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு எடுக்கும் படம் எத்தனை அழகாக இருந்தாலும் கொடுமைதான். நெடும் பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பைப் பறவைகள் அந்தப் பதற்றத்தில் எரித்துவிடுகின்றன.

தென்சென்னையின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. 2007-ல் சதுப்புநிலத்தின் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-ல் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மண்ணைக் கொட்டி மேடாக்கும்போது முதலில் போவது ஓரத்து ஆழமற்ற நீர்தான். நடுவே ஆழம் மிஞ்சியிருந்தால் கூழைக்கடா வரும். உள்ளானுக்கு நிற்க இடமிருக்காது.

அதனால்தான் கரையோரச் சிறு பறவைகளின் படங்கள் பூநாரைப் படங்களைவிட மதிப்பு மிக்கவை. தேதியும் இடமும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு உள்ளானும், அந்த நாளில் அந்த ஓரத்தில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது என்பதற்குச் சான்று.