அண்ணாச்சியின் ரிவால்வரும் அப்பாவின் இரட்டைக்குழலும்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி எனக்கு நெடுநாள் பழக்கம். எங்க திருநெல்வேலிப் பக்கம்தான். ராத்திரியில் வசூல் பணத்தோடு வீடு திரும்புகிறவர். தற்காப்புக்கென்று விண்ணப்பித்து, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து, மும்பை போலீஸ் கமிஷனர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸும் வாங்கிவிட்டார். அப்புறம் இணையத்தில் தேடி கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பிடித்தார். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். விலையும் படிந்துவிட்டது.

"குர்லாவுல கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸ் ஏறிப் போயி, ரூவாயக் குடுத்துட்டு பையில போட்டுட்டு வந்துர வேண்டியதுதான் தம்பி. அதான் லைசென்ஸு இருக்கே!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்த வழக்கில் சஞ்சய் தத்துக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் 5 வருஷம் கொடுத்தது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். லைசென்ஸ் இருப்பவருக்கும் சட்டம் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

1959 ஆயுதச் சட்டப்படி, தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க நினைப்பவர், வாங்குபவரின் பெயர், விலாசத்தோடு கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். கோயம்புத்தூர்க்காரர் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்தது எல்லை. ஒவ்வொரு லைசென்ஸிலும் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அண்ணாச்சியுடையது மகாராஷ்டிராவுக்கு மட்டும். கோயம்புத்தூரில் அதை வெறும் காகிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கமிஷனர் ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் ரிவால்வரோடு ரயிலேறினால் வம்புதான். வாங்கிய பிறகும் அதன் நம்பர் இவர் லைசென்ஸில் ஏற வேண்டும், அவர் லைசென்ஸிலிருந்து இறங்க வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன், அட்வான்ஸ் போடுங்கள் என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே இது சும்மா நடக்காது. வேறு மாநிலத்துத் தனிநபரிடம் வாங்கினால், வாங்குபவரின் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். 1968-லிருந்தே அங்கே அப்படித்தான் சட்டம்.

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டைக் கேன்சல் செய்தார்.

இவ்வளவும் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்க அப்பாவிடம் தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் வயலுக்கு வரும் பன்றியை விரட்ட வாங்கியது. இன்று அது சுடுவதில்லை, பீரோவில் இருந்து கௌரவம் மட்டும் காக்கிறது. அப்பாவுக்கு 74 வயசு. 2016 விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயசானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்குக் கொடுக்கலாம். வாரிசும் தனியாக விண்ணப்பித்து லைசென்ஸ் வாங்கியாக வேண்டும்.

"உன் பேருக்கு மாத்திரட்டுமா?" என்று போனில் கேட்டார். செம்பூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், இரண்டு பிள்ளைகள். "எதைச் சுடப் போறீங்க, புறாவையா?" என்றாள் மனைவி. வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "டீலர்கிட்ட விசாரிக்கேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

என்னைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால், பெரியவர் இருக்கும்போதே லைசென்ஸை எடுத்துப் பார்த்துவிடுங்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் போன பிறகு, தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பீரோவிலேயே பூட்டி வைத்துவிட்டு மும்பைக்கு ரயிலேறிவிடாதீர்கள்.